கீமோவுக்கு முன்னால் கருமுட்டை சேமிப்பு: டாக்டரும் லேபும் அருமை, ரிசப்ஷன் மகா சுமார்

டாக்டருக்கும் லேபுக்கும் ஐந்துக்கு ஐந்து. ரிசப்ஷனுக்கும் பில்லிங் கவுன்டருக்கும் சேர்த்து இரண்டு கொடுத்தாலே அது என் பெருந்தன்மை. சென்னையில் நான் கருமுட்டை உறைய வைத்த ஃபெர்ட்டிலிட்டி சென்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன், பெயர் போடப்போவதில்லை. பாராட்டும் திட்டும் கலந்து வருவதால் மட்டுமில்லை, நீங்கள் எந்த ஊரில் எந்த சென்டருக்குப் போனாலும் பார்க்க வேண்டியது கிட்டத்தட்ட இதே விஷயங்களைத்தான் என்பதாலும்.

முதலில் என் நிலவரம். வயது 31, கல்யாணம் ஆகவில்லை, இடது மார்பில் புற்றுநோய், ஹார்மோன் பாசிட்டிவ் வகை, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளர்வது. ஆபரேஷன் முடிந்து, அக்குளில் நெறிக்கட்டியும் எடுத்தாகிவிட்டது, அடுத்தது கீமோ. நடுவில் தையல் ஆறுவதற்கென்று மூன்று நான்கு வாரம் விடுவார்கள், அந்த இடைவெளிக்குள் இந்த வேலை முடிய வேண்டும். கீமோவில் எனக்கு எழுதியிருந்த மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடும் ஒன்று. சினைப்பையைப் பதம் பார்ப்பதில் பேர் போன மருந்து அது, உள்ளே இருக்கிற முட்டைகளின் கையிருப்பையே காலி செய்யும். சரி, சினைப்பை எப்படியோ தப்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், கீமோ முடிந்ததும் அந்த ஹார்மோன் நோயை வளர்க்காமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை ஆரம்பிக்கும், குறைந்தது ஐந்து வருஷம், அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. கூட்டிப் பார்த்தால் 37. கீமோ எடுக்காமலே கருமுட்டை குறைகிற வயது.

இதை எனக்கு அறுவை சிகிச்சை டாக்டர் சொல்லவில்லை, கீமோ டாக்டரும் சொல்லவில்லை. முடி கொட்டும், வாய்ப்புண் வரும், வெள்ளை அணு குறையும் என்று அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள், அதில் குழந்தை என்ற வார்த்தையே இல்லை. டிரஸ்ஸிங் மாற்றும்போது ஒரு ஜூனியர் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண்ணாகத்தான் இருக்கும், "ஃபெர்ட்டிலிட்டி பத்தி யாராவது பேசினாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் கேட்டிருக்காவிட்டால் இந்த விமர்சனமே கிடையாது. கீமோ தொடங்குவதற்கு முன் எல்லா இளவயது நோயாளிகளிடமும் இதைப் பேசிவிட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006-லேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. நம்மூரில் அது இன்னும் டிரஸ்ஸிங் அறை வரைக்கும்தான் வந்திருக்கிறது போல.

அன்று சாயங்காலமே போன் போட ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் "ஹஸ்பண்டோட வாங்க மேடம்" என்றார்கள். ஹஸ்பண்ட் இல்லை என்றதும் "அப்ப மேரேஜ் முடிஞ்சதும் வாங்க" என்று வைத்துவிட்டார்கள். இது சட்டப்படியும் தப்பு. 2021-இல் வந்த செயற்கைக் கருவூட்டல் ஒழுங்குமுறைச் சட்டம், தம்பதிக்கு மட்டுமல்லாமல் 21 வயது தாண்டிய தனிப் பெண்ணுக்கும் இந்த சேவையைக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. யாராவது இப்படிச் சொன்னால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள், நேரம் கிடையாது, அடுத்த நம்பருக்குப் போங்கள். நான் போன சென்டரில் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி "கீமோ டேட் என்னைக்கு?" என்பது. பயாப்ஸி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி மறுநாள் காலைக்கே அப்பாயின்ட்மென்ட் போட்டார்கள். ஒரு சென்டரை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இந்த ஒரு கேள்விதான், அவர்கள் காலண்டரைப் பார்க்கிறார்களா உங்கள் காலண்டரைப் பார்க்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

போனில் பேசியவருக்கும் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது மறுநாள் தெரிந்தது. ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கணவர் பெயர், கணவர் வயது, திருமணமாகி எத்தனை வருடம், இதற்கு முன் எத்தனை கருச்சிதைவு. எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக் கொடுத்தேன். "மேடம் ஃபுல்லா ஃபில் பண்ணுங்க, இல்லன்னா சிஸ்டம் எடுக்காது" என்று திருப்பிக் கொடுத்தார் அந்தப் பெண். அம்மா பக்கத்தில் நின்று பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் கணவர் பெயர் கட்டத்தில் என் அப்பா பெயரைப் போட்டு சிஸ்டத்தை எடுக்க வைத்தார்கள், இன்றைக்கும் என் பில்லில் மிஸஸ் என்றுதான் வருகிறது. ஹால் முழுக்க ஜோடி ஜோடியாகத் தம்பதிகள், சுவர் முழுக்கக் குண்டுக் கன்னத்தோடு குழந்தைப் படங்கள், நடுவில் மகளிர் தினச் சலுகை என்று ஒரு பேனர். மார்பில் டிரஸ்ஸிங்கோடு, கையை மடக்க முடியாமல், அங்கே இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். புற்றுநோயாளிகளை உள்ளே நேராக அனுப்ப ஒரு ஏற்பாடு செய்தால் என்ன குறைந்துவிடும்?

டாக்டர் அறைக்குள் போனதும் எல்லாம் தலைகீழ். ஐம்பதைத் தாண்டிய மேடம், நிதானமாகப் பேசுகிறவர். ஃபைலை முழுசாகப் படித்தார், படித்து முடித்து என் எதிரிலேயே கீமோ டாக்டருக்குப் போன் போட்டார். எந்த மருந்து, எத்தனை சுற்று, தேதியை எத்தனை நாள் தள்ளலாம், ஹார்மோன் ரிசெப்டர் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு டாக்டர்கள் என்னை நடுவில் தூதுவிடாமல் தாங்களே பேசிக்கொண்டது என் மொத்த சிகிச்சையிலும் அதுதான் முதல் தடவை.

"பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். முன்பெல்லாம் மாதவிலக்கின் இரண்டாம் நாளுக்காகக் காத்திருந்துதான் ஊசி ஆரம்பிப்பார்களாம், இப்போது மாதத்தின் எந்த நாளிலும் தொடங்கலாம், முட்டை கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். இது தெரியாமல் "பீரியட்ஸ் வரட்டும்" என்று வாரக்கணக்கில் உட்கார வைக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன, கீமோ நெருங்கும்போது அது ஆளையே கவிழ்த்துவிடும். தொடங்கியதிலிருந்து முட்டை எடுக்கும் வரை மொத்தமே இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

எனக்கு இருந்த பெரிய பயம் வேறு. என் கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிற ரகம், முட்டை வளர ஊசி போட்டால் ஈஸ்ட்ரோஜன் ஏறுமே? அதற்குத்தான் லெட்ரசோல் என்றார். ஊசியோடு சேர்த்துத் தினமும் அந்த மாத்திரை, அது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியை அமுக்கி வைக்கும், முட்டைகள் பாட்டுக்கு வளரும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான் இது, இங்கே காவலுக்கு நிற்கிறது. முட்டை எடுத்த பிறகும் ஹார்மோன் அளவு இறங்கும் வரை அதைத் தொடரச் சொன்னார். ஹார்மோன் பாசிட்டிவ் என்று ஃபைலில் இருந்தும் ஒரு சென்டர் லெட்ரசோல் பேச்சையே எடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள், பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கேன் அறை. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் கல்யாணமாகாத பெண்களும் அவர்களின் அம்மாக்களும் பயப்படுவது இங்கேதான். முட்டை வளர்ச்சி பார்க்கிற ஸ்கேன் பொதுவாகப் பிறப்புறுப்பு வழியாகத்தான். சிஸ்டர் கதவுக்கு வெளியே கேட்கிற மாதிரி "மேரீடா, அன்மேரீடா?" என்று கேட்டார், எனக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டர் மேடம் அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார்: வேண்டாம் என்றால் நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றின் மேலாகப் பார்க்கலாம், தெளிவு கொஞ்சம் குறையும். முட்டை எடுப்பது மட்டும் கீழ் வழியாகத்தான், அது மயக்கத்தில். அம்மா என்னைப் பார்த்தார், நான் சரி என்றேன், "நல்லாத் தெரியற மாதிரியே பாருங்கம்மா, அவ உசுருக்கு முன்னாடி இதெல்லாம் என்ன" என்றார் அம்மா. காரைக்குடிப் பக்கம் பிறந்து வளர்ந்த அம்மாவிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஊசி தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தினமும் ஒரே நேரத்தில், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். பேனா மாதிரி இருக்கும், டோஸைத் திருகி வைத்து அழுத்தினால் முடிந்தது. ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தோம். பாதியிலிருந்து இன்னொரு ஊசி சேரும், முட்டை நேரத்துக்கு முன் வெடித்துவிடாமல் தடுப்பதற்கு. அது போட்ட இடம் சிவந்து அரிக்கும், பயப்பட வேண்டாம். வயிறு உப்பிக்கொண்டு பாவாடை நாடாவைத் தளர்த்த வேண்டிவரும்.

நர்சிங் பற்றி ஒரு குறை, இது சின்னதில்லை. அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, பிபி பட்டை சுற்றக் கூடாது, கை வீங்கிவிடக்கூடும் என்று புற்றுநோய் மருத்துவமனையில் தலையில் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இங்கே ஹார்மோன் அளவு பார்க்க ஒன்றுவிட்டு ஒரு நாள் ரத்தம் எடுக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் புது சிஸ்டர், ஒவ்வொரு தடவையும் இடது கையைத்தான் இழுக்கிறார்கள். "லெஃப்ட் வேண்டாம் சிஸ்டர்" என்றால் "ஏன், அதுலதான் வெயின் நல்லா இருக்கு" என்கிறார்கள். பிறகு நானே ஒரு மார்க்கரை வாங்கி ஃபைல் அட்டையில் பெரிய எழுத்தில் "இடது கை கூடாது" என்று எழுதினேன், கூடவே இடது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறும் கட்டிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், அவர்களை நம்பாதீர்கள்.

ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டை வளர்கிற சின்னப் பைகள், 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி. இதற்கு மட்டும் நிமிஷக் கணக்கு, ஏனென்றால் அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை எடுத்தாக வேண்டும். வழக்கமாகப் போடும் எச்சிஜி ஊசிக்குப் பதில் வேறு ஒன்றைப் போட்டார்கள், சினைப்பை ஊதி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து இதில் ரொம்பக் குறைவு. அப்படி ஏதாவது ஆகிவிட்டால் கீமோ தள்ளிப்போகும், அதனால்தான் இந்த ஜாக்கிரதை. முட்டை எடுப்பது அரை மணி நேர வேலை. எனக்கு எண்ணிக்கொண்டே போனதில் ஐந்து வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, அப்புறம் கண் விழித்தபோது அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார்.

லேபுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதன் காரணம் அன்று மதியம் எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது லேபில் முட்டையையும் கருவையும் கையாளும் நிபுணர், நேரில் வந்து பேசியதுதான். எடுத்தது 14, அதில் முதிர்ந்தது 11, அந்த 11-ஐத்தான் உறைய வைத்திருக்கிறோம் என்று தாளில் எழுதிக் காட்டினார். 11 முட்டை என்றால் 11 குழந்தை இல்லை, உருக்கும்போது சில போகும், கருவுறாமல் சில போகும், கருவான பிறகும் சில நின்றுவிடும், கடைசியில் ஒன்று இரண்டு நல்ல கரு மிஞ்சினாலே சந்தோஷம் என்று மழுப்பாமல் சொன்னார். வெளியே இருந்த பேனரை எழுதியவர் இவரிடம் ஒரு நாள் டியூஷன் படிக்கலாம். சேமிப்பு டேங்கையும் காட்டினார், மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன், அளவு குறைந்தால் அலாரம் அடிக்கும், என் பெயரும் எண்ணும் ஒட்டிய சின்னஞ்சிறு குச்சிகள். முட்டை உறைய வைப்பது சோதனை முயற்சி என்ற முத்திரையை அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-லேயே எடுத்துவிட்டது, ஆகவே இது பரீட்சார்த்தமாக ஏதோ செய்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள். கல்யாணமானவர்களுக்குக் கருவாகவே உறைய வைக்கும் வழியும் உண்டு, ஆனால் கரு இரண்டு பேருக்குச் சொந்தம், நாளைக்குப் பிரிந்தால் சிக்கல். முட்டை உங்களுக்கு மட்டும்தான்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு இடம் வரும், தயாராகப் போங்கள். "நான் இறந்துவிட்டால் சேமித்தவற்றை: அ. அழித்துவிடவும், ஆ. ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும்" என்று. அம்மா எட்டிப் பார்த்து "என்னடி எழுதியிருக்கு?" என்றார். "பணம் கட்டற ரூல்ஸ்மா" என்று சொல்லி டிக் அடித்தேன். சலிப்பாக இருந்தாலும் அதைக் காலியாக விடாதீர்கள். டெல்லியில் ஒரு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளி 2020-இல் கீமோவுக்கு முன் விந்தணு சேமித்துவிட்டு அதே வருஷம் இறந்துபோனார், பெற்றோர் அதைக் கேட்டபோது கோர்ட் உத்தரவு இல்லாமல் தர முடியாது என்று மருத்துவமனை சொல்ல, வழக்கு 2024 அக்டோபரில்தான் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிந்தது, பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள் பாவம்.

ஆண்களுக்கு இதெல்லாம் ஒரு நாள் வேலை. ஒரு நாள் காரிடாரில் ஒரு காலேஜ் பையனும் அவன் அப்பாவும், பையனுக்கு லிம்ஃபோமா, அடுத்த வாரம் கீமோ. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கவுன்டரில் என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் "சாம்பிள்... டெஸ்ட்டு..." என்று தடுமாற, ரிசப்ஷன் பெண் கேட்ட முதல் கேள்வி "வைஃப் பேர் என்ன சார்?" அடுத்த தடவை போகும்போது அந்த ஃபாரத்தையே மாற்றச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன், மாற்றினார்களா தெரியாது. விந்தணு சேமிக்க ஆகும் செலவு எங்களுக்கு ஆனதில் ஒரு துளிதான், ஊசி இல்லை, மயக்கம் இல்லை. முடிந்தால் ஒன்றிரண்டு நாள் விட்டு இரண்டு மூன்று சாம்பிள், முடியாவிட்டால் ஒன்று போதும். ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்சி முறை வந்த பிறகு கொஞ்சம் கிடைத்தாலும் பயன்படும். முதல் கீமோவுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டாயம். வயதுக்கு வராத பெண் குழந்தைகள் விஷயம் வேறு, அவர்களுக்கு ஊசி போட்டு முட்டை எடுக்க முடியாது, சினைப்பைத் திசுவையே லேப்ராஸ்கோப்பியில் எடுத்து உறைய வைக்கிறார்கள். பெல்ஜியத்தில் 1997-இல் அப்படித் திசு சேமித்த ஒரு பெண்ணுக்கு 2004-இல் குழந்தை பிறந்தது, அதுதான் முதல். நான் போன சென்டரில் அந்த வசதி இல்லை, இல்லை என்று நேராகவே சொன்னார்கள்.

கீமோ நடக்கும்போது மாதாமாதம் வயிற்றில் கோசெரெலின் ஊசி போட்டுச் சினைப்பையைத் தூங்க வைப்பதும் உண்டு. எனக்கும் போட்டார்கள், நள்ளிரவில் உடம்பு நெருப்பாய்ச் சுட்டு எழுந்து ஃபேனுக்கு அடியில் நின்றிருக்கிறேன். ஓரளவு பாதுகாப்பு தரும், ஆனால் முட்டை சேமிப்புக்கு அது மாற்று இல்லை. "இந்த ஊசியே போதும், ஃப்ரீசிங் எல்லாம் எதுக்கு" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

பணம். பேக்கேஜ் என்று தாளில் காட்டிய தொகையில் ஊசி மருந்து கிடையாது, மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் கிடையாது, முதல் வருஷச் சேமிப்பும் கிடையாது. எல்லாம் கூட்டினால் எங்களுக்கு 2 லட்சத்தைத் தாண்டியது, இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் வரவில்லை. கீமோவைக் குழந்தையின்மை சிகிச்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கீமோவால் வரப்போகிற குழந்தையின்மையைத் தடுப்பது மட்டும் அவர்கள் கணக்கில் குழந்தையின்மை சிகிச்சையாம். பில்லிங்கில் கேட்டால் "எல்லாப் பேஷன்ட்டுக்கும் இதே ரேட்தான்" என்றார்கள். டாக்டரிடம் சொன்னதும் அவர் தன் ஃபீஸைத் தள்ளுபடி செய்தார், புற்றுநோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்வதாம், கவுன்டரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே விலை பேச்சை டாக்டர் அறையிலேயே பேசுங்கள்.

இப்போது கீமோ முடிந்து டமாக்சிஃபெனில் இருக்கிறேன். ஐந்து வருஷமும் காத்திருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டதற்குக் கீமோ டாக்டர் 2023-இல் வெளியான ஒரு ஆய்வைச் சொன்னார்: ஒன்றரையிலிருந்து இரண்டரை வருஷம் மாத்திரை எடுத்த 500-க்கும் மேற்பட்ட பெண்கள் குழந்தைக்காக இரண்டு வருஷம் வரை மாத்திரையை நிறுத்தினார்கள், மூன்று வருஷம் வரைக்கும் பார்த்ததில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட காலக் கணக்கு இன்னும் வர வேண்டும். மாப்பிள்ளை இனிமேல்தான் கிடைக்க வேண்டும், அதற்கு எந்த சென்டரும் பேக்கேஜ் போடவில்லை.

வருஷச் சேமிப்புக் கட்டணத்துக்கு எஸ்எம்எஸ் வரும், போன் நம்பர் மாறினால் கட்டாயம் தெரிவியுங்கள், கட்டாமல் விட்டால் என்ன செய்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அப்புறம் மருந்தகம்: முதல் நாளே முழுக் கோர்ஸுக்கும் ஊசியை வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். ஸ்கேனைப் பார்த்து டோஸ் மாறிக்கொண்டே இருக்கும், மிச்சமான பேனாவைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் பில் போடச் சொல்லுங்கள், முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் போடுவார்கள்.